இசக்கிப்பாண்டி செத்து எழுந்த படம்

தென்காசி சாரல் கல்விப் படக் கம்பெனிக்காரர்கள் எந்தக் கதையையும் இரண்டு தடவை சொல்வார்கள். காலராவைப் பற்றிய படமென்றால், முதல் பாதியில் ஒரு குடும்பம் வாய்க்கால் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்து அழிந்து போகும். இரண்டாம் பாதியில் அதே குடும்பம், அதே வீடு, அதே குடம். இந்தத் தடவை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்து, ஊசியும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கும். நெல் நடவுப் படமும் அப்படித்தான், அம்மை குத்துகிற படமும் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்து பார்க்கிற பெரிய மனிதர்கள், "நல்ல உத்தி, எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்பார்கள். உத்தியாவது கத்தரிக்காயாவது! முருகம்மாளுக்கு ஒரு நாள் கோபம் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

முருகம்மாள் பிறந்தது சுரண்டையில். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, அண்ணன் சிவனணைந்தபெருமாள்தான் அவளை வளர்த்து, தென்காசி இசக்கிப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தான். அண்ணன் வாய் திறக்காத ஆள். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்தான், ஆனால் அதை அவன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாகச் சுரண்டை பஸ்ஸில் சாமான் வரும். ஒரு வாரம் பனங்கிழங்கு, ஒரு வாரம் மிளகாய் வற்றல், அறுப்பு முடிந்தால் புது நெல் அவல். கண்டக்டர் சந்தையடியில் இறங்கி, "முருகம்மா, ஒங்க அண்ணன் குடுத்துவிட்டிருக்காரு" என்று நீட்டுவார். அவளுக்கு அந்த ஒரு மூட்டை போதும், ஒரு வாரம் சந்தோஷமாக ஓடிவிடும்.

இசக்கிப்பாண்டிக்குக் குற்றாலத்தில் வேலை. காந்திமதிநாதன் அண்ணாச்சியின் போட்டோ ஸ்டூடியோவில், கேமராவுக்குக் குடை பிடிக்கிற உத்தியோகம். சிரிக்க வேண்டாம். சீசன் நேரத்தில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள், குடை பிடிக்கிற ஆளின் அருமை தெரியும். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று சாரலுக்கே தெரியாது.

அண்ணாச்சி மேலகரத்துக்காரர். பூர்வீகமாக நிலபுலன் உள்ள குடும்பம். குளிக்க வந்தவர்களைத் தலை துவட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனுஷன், 1956இல் திடீரென்று வயலில் ஒரு பங்கை விற்று, சாவி முறுக்கினால் ஓடுகிற சினிமா கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஒரு முறுக்குக்கு அரை நிமிஷம்கூட ஓடாது. சொந்தக்காரர்கள், "கதாநாயகி யாரு அண்ணாச்சி?" என்று கேலி பண்ணினார்கள். "காலரா" என்றார் அவர்.

சுகாதார இலாகாவில் ஓர் அதிகாரி, ஊர் ஊராகக் காட்ட ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தார். பேசாத படம். காட்டும்போது ஒருவர் பக்கத்தில் நின்று மைக்கில் விளக்கம் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக நடந்தது, சாவுக் காட்சி வரும் வரைக்கும். மேலகரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பிணமாகப் படுக்க ஆள் கிடைக்கவில்லை. நாடகக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிணத்தின் தாடையைக் கட்டுகிற நாடிக்கட்டுத் துணியையும் நெற்றியில் வைக்கிற காசையும் பார்த்ததும் இருவருக்கும் ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. வெயில் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் படுக்கேன் அண்ணாச்சி" என்றான் இசக்கிப்பாண்டி. "குடை பிடிச்சுப் பிடிச்சுக் கால் வலிக்கு. செத்த நேரம் படுத்த மாதிரியும் ஆச்சு."

அப்படிப் படுத்தவன் அசையவில்லை. தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கு ஏற்றி, நாடகக்கார அம்மா ஒருத்தி நெஞ்சில் விழுந்து அழ, அவன் பாட்டுக்குக் கிடந்தான். உண்மையில் தூங்கிவிட்டான். வீட்டுக்குப் போய் முருகம்மாளிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் காட்சி எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? சுரண்டையில்.

ஓர் அரிசி ஆலையின் வெள்ளைச் சுவரில் படம் ஓடியது. சந்தைக் கூட்டம் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. சிவனணைந்தபெருமாள் பாதியில்தான் வந்தான். அவன் அதுவரைக்கும் சுவரில் பார்த்த படங்களெல்லாம் அரசாங்கத்துச் செய்திப் படங்கள். அணை கட்டுவது, தலைவர்கள் வருவது, தலைவர்கள் இறப்பது. அதில் காட்டுவதெல்லாம் நடந்ததுதானே? இங்கே சுவரில் மேலகரத்துத் தெரு தெரிந்தது. பிறகு ஒரு முற்றம். முற்றத்தில் நாடிக்கட்டோடு அவன் மச்சினன். "இந்தக் குடும்பத் தலைவர் காலராவுக்குப் பலியானார்" என்று மைக்கில் ஒரு குரல் சொன்னது. நீங்களாக இருந்தாலும் நம்பித்தான் இருப்பீர்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சுரண்டையிலிருந்து ஒரு துக்கக் கூட்டமே தென்காசியில் வந்து இறங்கியது. அண்ணன், அவன் பெண்டாட்டி முப்பிடாதியம்மாள், சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு. சாவுக்குப் போடுகிற கோடி, வீட்டுக்கு ஒன்றாக மூன்று புது வேட்டிகள் அண்ணன் தோளில். தெருமுனையிலேயே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

முருகம்மாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். சொந்த சனம் மொத்தமும் மாரில் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த வாளி விழுந்தது. ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அண்ணன் இருக்கிறான், மதினி இருக்கிறாள், அப்படியானால் அண்ணன் பிள்ளைகளா? "ஐயோ, எம் புள்ளைகளா!" என்று அவளும் ஓடிப்போய் முப்பிடாதியம்மாள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவள் எதற்கு அழுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது, அவள் எதற்கு அழுகிறாள் என்று இவளுக்குத் தெரியாது. தெருவே கூடி அழுதது. யார் செத்தது என்று கேட்கிற மரியாதைக் குறைவான காரியத்தை ஒருவரும் செய்யவில்லை.

அந்த நேரத்தில் சிற்றாற்றில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு, வேப்பங்குச்சியை மென்றுகொண்டு இசக்கிப்பாண்டி வந்து சேர்ந்தான். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன மச்சான்?" என்று கேட்டான்.

முப்பிடாதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி, நடந்தது இன்னதென்று விளங்குவதற்குள், தெருவில் முதல் சிரிப்பு கிளம்பிவிட்டது. சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பா? இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களும் வந்து விசாரித்துச் சிரித்தார்கள். சிவனணைந்தபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவன் அவன். மூன்று வேட்டிகளையும் வாசலுக்கு வெளியே மண்ணில் வைத்தான். சாவுக்கென்று எடுத்த கோடி திரும்ப வீட்டுப் படி ஏறக்கூடாது.

"மாமன் மச்சானை இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டீருல்லா" என்றான். "செத்தது செத்ததாவே இருக்கட்டும்வே. இனிமே சுரண்டைப் பக்கம் ஒருத்தரும் வராதிய."

அவன் அவ்வளவு பேசி முருகம்மாள் அதுவரைக்கும் கேட்டதில்லை. கூட்டம் பஸ் ஏறிப் போயிற்று. அந்த வாரம் சுரண்டை பஸ் வந்தபோது கண்டக்டர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக வெறும் கையைக் காட்டினார். அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்த மூன்று வேட்டிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடந்தே போனாள். ஸ்டூடியோவில் அண்ணாச்சி இருந்தார். இசக்கிப்பாண்டி அவளைப் பார்த்ததும் குடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"அந்தப் படத்தக் கொளுத்துங்க அண்ணாச்சி."

"முருகம்மா, உக்காரு."

"உக்காரதுக்கு வரல. இன்னைக்குச் சுரண்டை, நாளைக்கு இலஞ்சி, மறுநா ஆய்க்குடி. எம் புருசன் ஊர் ஊராப் போயி சாவுதாரு. எவளோ ஒருத்தி அவரு நெஞ்சுல விழுந்து அழுதா. கட்டினவ நான் இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எந்தப் பொம்பளைக்காவது இது நடக்குமா? கொளுத்துங்க."

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து படச்சுருளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, நாச்சியார்னு. வாய்க்காத் தண்ணிய அள்ளிக் குடிச்சா. காலையில வெளையாடிக்கிட்டிருந்த புள்ள, பொழுது சாயுததுக்குள்ள போயிட்டா. எதனால செத்தான்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. மறுநாளும் நாங்க அந்தத் தண்ணியத்தான் குடிச்சோம்." அவர் சுருளை அவள் பக்கம் நகர்த்தினார். "சுரண்டையில போன மாசம் ஊசி போட வந்த நர்சை வெரட்டி விட்டாங்க. படம் பாத்த மறுநா அவங்களே வரிசையில நின்னுருக்காங்க. இவன் செத்ததப் பாத்துட்டுத்தான் நின்னாங்க. இனி நீ சொல்லு. கொளுத்தணும்னா கொளுத்திருதேன்."

முருகம்மாள் சுருளைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நாச்சியார் இப்போது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "அப்பம் அவர எந்திரிக்க வைங்க" என்றாள்.

"என்னது?"

"எத்தன தடவ சாவுதாரோ அத்தன தடவ எந்திரிக்கணும். செத்த மனுசனக் காட்டிட்டு வெளக்க அணச்சிட்டுப் போகக்கூடாது."

விஷயம் சுகாதார அதிகாரி காதுக்குப் போனது. அவர் பதறிவிட்டார். காலராவில் செத்தவன் எழுந்து உட்கார்ந்தால் ஜனங்கள் ஊசி எதற்கு என்று கேட்கமாட்டார்களா? நியாயமான கேள்விதான். முருகம்மாள் அதற்கும் வழி சொன்னாள். பாடையிலிருந்து எழுந்திருக்க வேண்டாம், கதை முதலிலிருந்து திரும்ப வரட்டும். அதே விடியற்காலை, அதே குடம். தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் பெண்டாட்டி கையைப் பிடித்துத் தடுக்கட்டும். அந்தப் பெண்டாட்டியாக நாடகக்காரி வேண்டாம், நானே நிற்கிறேன் என்றாள். நின்றாள். அடுப்பை ஊதி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற வரைக்கும் கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டே இருந்தாள். அந்த முறைப்பு படத்துக்கு நன்றாகவே பொருந்தியது.

போகும்போது வேட்டிகளை மேஜை மேல் போட்டாள். "இதுகள வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. காரை பேந்த சுவருல காட்டுததுக்கு இதுல காட்டுங்க. அவரு சாவுக்கு வந்த துணியிலயே அவரு எந்திரிக்கட்டும்." அண்ணாச்சி வீட்டம்மா கல்யாணசுந்தரி தையல் மெஷினில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, கரையை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கம்பெனிக்கு அதுதான் முதல் திரை.

இலஞ்சியில் அந்தத் திரையில் படம் ஓடியது. புருஷனைத் தனியாக சாக விட மனமில்லாமல் முருகம்மாளும் கூடப் போயிருந்தாள். சாவுக் காட்சி வந்ததும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து விசும்ப ஆரம்பித்தார்கள். அவளால் பொறுக்க முடியவில்லை. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அழாதிய தாயி. அவரு எங்க வீட்டுக்காரருதான். சாவல. இந்தா, மெசினுக்குப் பொறத்தால நின்னு பீடி குடிக்காரு பாருங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இசக்கிப்பாண்டி பீடியை மறைக்க இடமில்லாமல் விழித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள், "இந்தத் தடவ தப்பிச்சாரு. எப்பிடித் தப்பிச்சாருன்னு இப்பம் பாருங்க" என்று இரண்டாம் பாதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கொதிக்க வைத்த தண்ணீரைப் பற்றி அந்த ஊர் அவ்வளவு கவனமாக அதற்கு முன்னால் யார் சொல்லியும் கேட்டதில்லை. அன்றிலிருந்து மைக் அவள் கையில்தான்.

அதற்கப்புறம் கம்பெனி வளர்ந்தது. வட்டார வளர்ச்சி ஆபீசில் வரிசை நடவுக்குப் படம் கேட்டார்கள். அம்மை குத்துவதற்குக் கேட்டார்கள். எல்லாவற்றிலும் இசக்கிப்பாண்டிதான் முதலில் கெட்டுப்போய்ப் பிறகு திருந்துவான். தெருவில் போனால் பிள்ளைகள், "மாமா, இன்னைக்கு எந்தப் பாதி?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடங்களுக்காக, மலையில் முட்டி மேகம் எப்படி மழையாகிறது என்று ஒரு படம் எடுத்தார்கள். ஒரு சீசன் முழுக்க ஐந்தருவிக்கு மேலே குடையும் கேமராவுமாகத் தவம் கிடந்து எடுத்த படம் அது. சீசனில் வெயில் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குற்றாலத்தில் நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான். பழைய வேன் ஒன்று வந்தது, அதில் ஜெனரேட்டர் ஏறியது, ஓட்டுவதற்கு மசூது வந்தார். ஸ்டூடியோ போதாமல் தென்காசியில் மாடி பிடித்தார்கள். சென்னையில் ஒரு படத்துக்குக் கணீரென்ற ஆண் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்தபோது, புளியங்குடியில் ஜனங்கள், "அந்தக் கொரல நிப்பாட்டிட்டு அந்த அக்காவப் பேசச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டார்கள். முருகம்மாளுக்கு அன்று ராத்திரி சாப்பாடுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று வேன் போகாத ஊர் கிடையாது. சுரண்டைக்கு மட்டும் போகவில்லை. அண்ணன் விடவில்லை. மசூது, சாலை பிரிகிற சுரண்டை விலக்கில் வேனை வேறு பக்கம் திருப்பும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். ஆயிரம் பேருக்கு முன்னால் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவளுக்கு, ஒரு பனங்கிழங்குக் கட்டு வராத குறை உள்ளே கிடந்து அறுத்தது.

1963இல் சுரண்டைப் பக்கத்துக் கிராமங்களில் வாந்திபேதி கண்டது. ஒரு நாள் மத்தியானம் கம்பெனி மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவனணைந்தபெருமாள். தலையில் நரை விழுந்திருந்தது. தங்கச்சி பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு அண்ணாச்சியிடம் பேசினான்.

"பஞ்சாயத்துல அனுப்பிச்சாங்க. அந்தப் படத்த எங்க ஊர்ல காட்டணும். ஊசி போட மாட்டேங்குதாங்க."

"முருகம்மாதான் வந்து பேசும்" என்றார் அண்ணாச்சி.

"வரட்டும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அதே அரிசி ஆலைக்கு முன்னால் அந்த வேட்டித் திரையைக் கட்டினார்கள். ஊரே வந்தது. இசக்கிப்பாண்டியைப் பார்த்து, "ஏலே, பொணம் வருதுடோய்" என்று கிழவர்கள் வரவேற்றார்கள். அண்ணன் கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றான். முருகம்மாள் மைக்கைப் பிடித்தாள். முற்றம் வந்தது, நாடிக்கட்டு வந்தது. வழக்கமான பீடி வேடிக்கையைச் சொல்வாள் என்று மசூது சிரிப்பதற்குத் தயாராக நின்றார். அவள் சொல்லவில்லை.

"இந்த எடத்தப் பாத்துட்டுத்தான் எங்க அண்ணன் தென்காசிக்கு ஓடியாந்தான்" என்றாள். "எல்லாரும் சிரிச்சிய. நானும் பெறவு சிரிச்சேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். மூணு வேட்டி எடுத்தாந்தானே, தாலியறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுல எடுக்க வேண்டிய சேலைய அவன் எடுக்கல. மொறைதான், ஆனா அவனுக்கு மனசு வரல. எனக்கு ஒண்ணுன்னா ஓடியார ஆள் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

பிறகு திரையில் விடிந்தது. அடுப்பு எரிந்தது. தண்ணீர் கொதித்தது. இசக்கிப்பாண்டி கயிற்றுக் கட்டிலிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தான். ஊசி போடுகிற நர்சுக்கு முன்னால் அங்கேயே வரிசை நிற்க ஆரம்பித்தது.

படம் முடிந்தபோது, காற்று அடித்ததில் திரையின் ஓரம் கிழிந்து தொங்கியது. முருகம்மாள் அதை அவிழ்த்து மடிக்கையில் ஒரு கை வந்து மறு முனையைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன். தையல் விட்ட இடத்தில் உள்ளே மடித்த கரை வெளியே தெரிந்தது. அதன் மூலையில் சுரண்டை ஜவுளிக்கடையின் நீல முத்திரை, பாதி அழிந்து. அவன் அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"நாங்க கொண்டாந்ததா?"

"ஆமா."

அவன் துணியை முழுதாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். முருகம்மாளும் இசக்கிப்பாண்டியும் பின்னாலேயே போனார்கள். வாசலில் முப்பிடாதியம்மாள் விளக்கோடு நின்றாள். தோளில் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. குறுக்கே கையை நீட்டினாள்.

"ஐயய்யோ, அது கோடியில்லா? அத எங்கன கொண்டாறிய?"

"ஆளு உசுரோட நிக்கான், ஏதுட்டி கோடி?" என்றான் சிவனணைந்தபெருமாள். "ஓரம் பிஞ்சிருக்கு. ஊசி நூல எடு. இவங்களுக்கு எலயப் போடு."

சொல்லிவிட்டு அந்தத் துணியோடு படி ஏறி உள்ளே போனான்.